மழலையர்க்கு விடுதலை நாள்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் என்னிடம் தலைப்புக் கேட்டபோது "மழலையர்க்கு விடுதலை நாள்" என்று சொன்னேன். கவிஞர்கள் கூடும் அவையில் பால்வாடிப் பிள்ளைகளைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நண்பர் ஒருவர் உரிமையோடு கேட்டார். பேச இருக்கிறது. இறுதியில் உங்களிடம் ஒரு வேண்டுகோளும் வைக்கப் போகிறேன். அதற்காகவே இத்தலைப்பைத் தேர்ந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில், ஒரு குழந்தைகள் மையத்தில், ஆகஸ்டு 15 அன்று கொடியேற்றும் நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். ஊரின் பெயர் வேண்டாம். எந்த ஊராகவும் இருக்கலாம். மூன்று வயதும் நான்கு வயதும் ஆன பிள்ளைகளை எட்டு மணிக்கே வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். கொடியேற்ற வேண்டிய பெரியவர் வந்து சேர ஒன்பதரை ஆயிற்று. அதுவரை கைகளைக் கட்டிக்கொண்டு வெயிலில் நின்றார்கள். சிறுநீர் கழிக்கப் போக வேண்டும் என்ற பிள்ளையையும், "இப்ப வந்துருவாக, பொறு" என்று நிறுத்திவைத்தார்கள். பிறகு ஒரு சிறுவனை மேசைமீது ஏற்றிப் பேசவைத்தார்கள். மனப்பாடம் செய்த பேச்சு மூன்றாம் வரியில் நின்றுபோயிற்று. சிறுவன் அழுதான். பெரியவர்கள் சிரித்தார்கள். யாரும் தீய எண்ணத்தோடு செய்ததன்று. எல்லாரும் அந்தப் பிள்ளைகளை நேசிப்பவர்கள்தாம். ஆயினும், அந்த முற்றத்தில் அன்று காலை விடுதலையின்றி நின்றவர்கள் அப்பிள்ளைகள் மட்டுமே என்ற எண்ணம் வீடு வந்தும் என்னை விடவில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு பெண் குழந்தையிடம், "இன்னைக்கு என்ன நாள் தாயி?" என்று கேட்டேன். "கொடிக்குள்ளருந்து பூ விழுகுற நாள்" என்றாள். முடிச்சவிழ்ந்து பூவிதழ்கள் தலையில் விழுந்ததே அவளுக்கு நினைவில் நின்றது. அவள் சொன்னதில் பிழை இல்லை. அவளுக்கு அதற்கு மேல் நாம் எதுவும் கொடுக்கவில்லை.

குழந்தைக்குத் தெரிந்த சொல்

நான்கு வயதுக் குழந்தைக்கு 1947 என்பது ஒரு பொருளும் தராது. நேற்று, நாளை என்பவற்றையே அது மாற்றிச் சொல்லும். இருநூறு ஆண்டு ஆட்சி, ஆங்கிலேயர், நாடு என்பனவெல்லாம் அதன் கைக்கு எட்டாதவை. ‘சுதந்திரம்’ என்ற சொல்லை ஒப்பிக்கும். அதன் உள்ளே போக இயலாது.

ஆனால் ‘விடுதலை’ என்ற சொல்லைப் பாருங்கள். அதன் வேரான ‘விடு’ என்பது குழந்தை மிக முந்திக் கற்கும் சொற்களுள் ஒன்று. யாரேனும் இறுக்கிப் பிடித்தால், இரண்டு வயதுப் பிள்ளை "விடு, விடு" என்று திமிறுகிறது. விளையாடப் போகையில் "என்னைய விடு" என்கிறது. பிடித்துவைக்கப்படுதல் என்ன, விடப்படுதல் என்ன என்பது அதன் உடம்புக்குத் தெரியும். விடுதலை நாளின் முதற்பாடம் இந்தச் சொல்லிலிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து.

நம் சிறார் விளையாட்டிலேயே அதற்கு இடம் இருக்கிறது. இருவர் எதிரெதிரே கைகோத்து வளைவாக நிற்க, மற்றவர்கள் பாடிக்கொண்டே வரிசையாக அதனடியில் நுழைந்து போவார்கள். பாட்டின் கடைசிச் சொல்லில் கைகள் இறங்கி ஒருவரைச் சிறைப்பிடிக்கும். நாம் எல்லாரும் ஆடிய ஆட்டம்தான். அதை ஆடவிட்டு, பிடிபட்ட பிள்ளையிடம் "உள்ளே இருக்கையில் எப்படி இருந்தது?" என்றும், விட்டபின் "இப்போது எப்படி இருக்கிறது?" என்றும் ஆசிரியை கேட்டால் போதும். அந்தப் பதிலே பாடம். தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கென வகுத்த பாடத்திட்டத்தின் பெயரே ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்பதுதான். ஆகவே நான் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை.

மரியா மாண்டிசோரி அம்மையாரை இங்கே நினைக்க வேண்டும். 1939இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலத்தில் நமக்கு வடக்கே உள்ள கொடைக்கானலிலும் சில காலம் தங்கிப் பணி செய்தார். குழந்தை தன் வேலையைத் தானே தேர்ந்து, தன் விருப்பப்படி நடமாடிக் கற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும், பகை நாட்டவர் என்று அவருடைய மகன் மாரியோவைப் பிரிட்டிஷ் அரசு காவலில் வைத்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் அம்மையாரின் எழுபதாவது பிறந்த நாள். அதற்குரிய பரிசாக மகனை விடுவித்து அவரிடம் அனுப்பினார்கள். தாயையும் பிள்ளையையும் பிரிப்பது சிறை; சேர்ப்பது விடுதலை. இதற்கு விளக்கம் கேட்கும் குழந்தை உலகில் இல்லை.

இன்னொரு விடுதலை நாள்

அந்த ஆகஸ்டு 31 வேறொரு காரணத்தாலும் நமக்கு உரிய நாள். 1952ஆம் ஆண்டு அந்த நாளில்தான் குற்றப் பரம்பரைச் சட்டம் இந்தியா முழுவதிலும் ஒழிந்தது. சீர்மரபினர் அதனைத் தம் விடுதலை நாளாகக் கொண்டாடுகின்றனர்.

1871இல் வடநாட்டில் பிறந்த அச்சட்டம், 1911ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1914 தொடங்கி மதுரை மாவட்டத்துப் பிரமலைக் கள்ளர்மீது படிப்படியாகப் பாய்ந்தது. தேனி அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது. கைரேகை பதித்துக்கொண்டதால் நம் மக்கள் அதை ‘ரேகைச் சட்டம்’ என்றார்கள். ஒருவன் எக்குற்றமும் செய்திருக்க வேண்டியதில்லை. அந்தக் குலத்தில் பிறந்திருந்தால் போதும். பதிவான ஆடவர் இரவில் காவல் நிலையத்திலோ ஊர்ச் சாவடியிலோ ஆஜராகிப் படுக்க வேண்டும். ஊரைவிட்டு வெளியே போக ராதாரிச் சீட்டு வேண்டும்.

1920 ஏப்ரல் 3 அன்று, ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மாண்டவர்களுள் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் அம்மக்களுக்காக வாதாடினார். அந்த நன்றியில் ‘ரோசாப்பூ துரை’ என்று அவரை அழைத்து, பிள்ளைகளுக்கும் அப்பெயரைச் சூட்டினார்கள். முத்துராமலிங்கத் தேவர் போன்ற தலைவர்கள் சட்டத்தை எதிர்த்துப் பல்லாண்டு போராடினர். சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் நீங்கிற்று. நாடு முழுவதும் நீங்க மேலும் ஐந்து ஆண்டுகள் ஆயின. தேசம் விடுதலை பெற்றபின்னும் ஐந்தாண்டுகள், பிறப்பாலேயே குற்றவாளி என்று எழுதப்பட்ட மக்கள் இந்நாட்டில் இருந்தார்கள்.

விடுதலை ஒரே நாளில் எல்லார் வாசலுக்கும் வந்துவிடுவதில்லை. அமெரிக்காவில் அடிமைகளை விடுவிக்கும் லிங்கனின் அறிவிப்பு 1863 ஜனவரி 1 முதல் செயலுக்கு வந்தது. டெக்சாஸ் மாநிலத்துக் கால்வெஸ்டன் நகரில் ஒரு படைத்தலைவர் அதை அறிவித்து நடைமுறைப்படுத்தியது 1865 ஜூன் 19 அன்று. இடையில் இரண்டரை ஆண்டுகள். அந்த ஜூன் 19ஐக் கறுப்பின மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தம் வீடுகளில் கொண்டாடிக் காத்தார்கள். 2021இல்தான் அது அந்நாட்டு அரசின் விடுமுறை நாளாயிற்று. அது வரை அந்த நாளைக் காத்தவை பாட்டிமார் சொன்ன கதைகளும், குடும்பம் கூடி உண்ட உணவும், பாடிய பாட்டும்தாம். இங்கே அமர்ந்திருக்கும் கவிஞர்கள் இதனை மனத்தில் கொள்ள வேண்டும்.

வாசற்படியில் இருந்த கம்பளி

என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல அவை பொறுத்தருள வேண்டும். என் தாத்தா உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைப்புத் தேடி இந்த வருசநாட்டுப் பள்ளத்தாக்குக்கு வந்தவர். இளமையில் சாவடியில் படுத்தவர். எனக்கு விவரம் தெரிந்தபோது சட்டம் ஒழிந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும் அவருடைய கம்பளியும் பாயும் சுருட்டியபடி வாசற்படியருகிலேயே இருக்கும். உள்ளே எடுத்து வைத்தால் மறுபடி எடுத்து வந்து அங்கேயே வைப்பார். நள்ளிரவில் எழுந்து திண்ணையில் அமர்ந்துகொள்வார். அப்பத்தா, "யாரும் கூப்பிடல, படுங்க" என்பாள். எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. விளங்கிய வயதில் அவர் இல்லை.

என் பேத்திக்கு நான்கு வயது. அங்கன்வாடிக்குப் போகிறாள். போன ஆகஸ்டில் விடுதலை நாளைப் பற்றி என்ன சொல்வது என்று எண்ணி, இந்தக் கதையைச் சொன்னேன். துப்பாக்கியைச் சொல்லவில்லை; காவலரின் தடியைச் சொல்லவில்லை. "எங்க தாத்தாவ ராத்திரியில வீட்டுல தூங்க விடமாட்டாங்க. சாவடிக்குப் போயி எல்லாத்தோடயும் படுக்கணும். அப்புறம் ஒரு நாளு, இனிமே வீட்டுலயே தூங்கலாமுன்னு சொல்லிட்டாங்க. அதுதான் விடுதலை" என்று முடித்தேன்.

அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "அப்ப ஒங்க அப்பத்தா ராத்திரி யாரு கூடத் தூங்குச்சு, தாத்தா?"

அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் கதையைச் சுமந்தவன் நான். அந்தச் சட்டத்தைப் பற்றிக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். ஆடவர் அனைவரும் சாவடியில் படுத்த இரவுகளில், கதவைச் சாத்திக்கொண்டு, கைக்குழந்தையோடு தனியே விழித்திருந்த பெண்களைப் பற்றி நான் ஒருநாளும் எண்ணியதில்லை. என் அப்பா அந்தக் கைக்குழந்தையாக இருந்தவர். அவரிடமும் நான் கேட்டதில்லை. இப்போது கேட்க ஒருவரும் உயிரோடு இல்லை.

குழந்தைகளுக்கு வரலாறு புரியாது என்று சொல்கிறோம். ஆண்டுகள்தாம் புரியா. இருட்டும், தனிமையும், பக்கத்தில் ஆள் இல்லாமையும் நம்மைவிட அவர்களுக்கு நன்றாகப் புரிகின்றன.

எதைச் சொல்வது, எதைத் தள்ளிவைப்பது

இதிலிருந்து நான் கற்றவற்றைச் சுருக்கமாக உங்கள்முன் வைக்கிறேன்.

முதலாவது, அச்சத்தை ஊட்டாமல் சொல்லுதல். பெருங்காமநல்லூரைப் பத்து வயதில் சொல்லலாம். சொல்லியே ஆக வேண்டும். நான்கு வயதில் அது கெட்ட கனவாக மட்டுமே தங்கும். அவ்வயதுக் கதை, கதவு திறப்பதிலும் வீடு திரும்புவதிலும் முடிய வேண்டும். தாத்தா வீட்டுக்கு வந்துவிட்டார் என்று தெரிந்தால்தான் பிள்ளை நிம்மதியாகத் தூங்கும்.

இரண்டாவது, பெயர் கூப்பிடுதல். அன்று சாவடியிலும் பதிவேட்டை வைத்துக்கொண்டு பெயர் கூப்பிட்டார்கள், ஆள் தப்பிவிட்டானா என்று பார்ப்பதற்கு. இன்று அங்கன்வாடியிலும் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடுகிறார்கள். பிள்ளை வந்திருக்கிறதா, அதற்குச் சோறும் முட்டையும் உண்டா என்று பார்ப்பதற்கு. 1975இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டமும், 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமும் நம் சிற்றூர்ப் பிள்ளைகளுக்குத் தந்த பெருங்கொடை இது. இரண்டு பதிவேடுகளுக்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியை உணர்ந்துவிட்டால், காலையில் அவர் பெயர் கூப்பிடும் குரலே மாறிவிடும். பிள்ளைக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவதை எண்ணித்தான் இங்கு வரத் தயங்கினேன். நம் மையங்களில் ஒரே குலத்துப் பிள்ளைகள் இல்லை. மலையடிவாரத்துப் பளியர் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளை இருக்கிறது. மேகமலைத் தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்து கீழே வந்தவரின் பேரப்பிள்ளை இருக்கிறது. காலனியிலிருந்து வரும் பிள்ளை இருக்கிறது. என் தாத்தா சாவடியில் படுத்த கதையைச் சொல்லும் நான், அந்தப் பிள்ளையின் தாத்தா எங்கள் தெருவில் செருப்பணிந்து நடக்க முடியாதிருந்த கதையை மறைத்தால், அது விடுதலைப் பாடம் ஆகாது. சாதிப் பெருமை ஆகிவிடும். நம் மாவட்டங்கள் அந்தப் பெருமைக்குக் கொடுத்த விலையை நாம் கண்ணால் கண்டவர்கள். ஒரு சட்டத்தால் பிடித்துவைக்கப்பட்ட நாமே இன்னொருவரைப் பிடித்துவைத்திருந்தோம். இதை ஒப்புக்கொள்வது பெரியவர்களாகிய நமக்குக் கடினம். பிள்ளைகளுக்கு எளிது. "அவங்க தாத்தாவையும் விடலையா?" என்று கேட்டுவிட்டு, பக்கத்திலிருப்பவனோடு விளையாடப் போய்விடுவார்கள்.

ஆகவே ஒரு யோசனை சொல்கிறேன். ஆகஸ்டு 15க்கும் ஆகஸ்டு 31க்கும் இடையே பதினாறு நாள். சனி, ஞாயிறு, மற்ற விடுமுறைகளைக் கழித்தால் பத்து நாளாவது தேறும். நாளுக்கு ஒரு தாத்தாவையோ அம்மாச்சியையோ மையத்துக்கு அழைக்கலாம். எல்லாத் தெருவிலிருந்தும் அழைக்க வேண்டும். "அன்று எங்களை எதைச் செய்ய விடவில்லை, இன்று எதைச் செய்யலாம்" என்று ஒவ்வொருவரும் ஒரே ஒரு செய்தி சொல்லட்டும். ஒருவர் வீட்டில் தூங்கியதைச் சொல்வார். ஒருவர் பள்ளிக்கூடத்தின் உள்ளே உட்கார்ந்ததைச் சொல்வார். ஒருத்தி சைக்கிள் ஓட்டியதைச் சொல்வாள். கொடியேற்றத்தில் தொடங்கி இக்கதைகளில் நிறைவடையட்டும் விடுதலை விழா. காலம் தாழ்த்தக் கூடாது. 1947இல் பத்து வயதுச் சிறுவனாக இருந்தவர் இன்று தொண்ணூறை நெருங்குகிறார்.

கவிஞர்களுக்கு

இனி என் வேண்டுகோள். கவிமணியும் அழ. வள்ளியப்பாவும் மழலையர்க்காக எழுதிய மண் இது. வள்ளியப்பா 1950இல் குழந்தை எழுத்தாளர்களுக்கென ஒரு சங்கமே கண்டார். ஆனால் விடுதலை நாளன்று நான்கு வயதுப் பிள்ளை பாட நாம் கொடுப்பவை பெரும்பாலும் பெரியவர்களின் பாட்டுகளே. அவற்றில் வீரம் இருக்கிறது. குழந்தையின் திண்ணையும் பாயும் இல்லை. நம் வட்டம் பத்தாண்டுகளில் எத்தனையோ கவியரங்கம் நடத்தியிருக்கிறது. அங்கன்வாடிக்கென ஒரு பாட்டும் நாம் எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

குறையைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கலாகாது என்று இரண்டு கண்ணிகள் முயன்றேன். கவிதை என்று கொள்ள வேண்டாம், பேத்திக்காகக் கட்டியது.

எங்கள் வீட்டுத் திண்ணையிலே
எங்கள் தாத்தா தூங்குவார்;
எழுந்து வா நீ என்று சொல்ல
இன்று யாரும் இல்லையே!

தேனிச் சந்தை பார்க்கவே
தெம்பாய் மாமா போகிறார்;
சீட்டு எங்கே என்று கேட்கச்
சேவகர் யாரும் இல்லையே!

அவள் கைதட்டிப் பாடினாள். பாடி முடித்துவிட்டு, "அப்பத்தாவுக்குப் பாட்டு?" என்று கேட்டாள். மூன்றாம் கண்ணி அப்பத்தாவுக்கு உரியது. கதவைச் சாத்திக்கொண்டு விழித்திருந்தவள் அச்சமின்றி உறங்கிய முதல் இரவைப் பாட வேண்டும். நான்கு வயதுப் பிள்ளை அச்சப்படாமல் பாடும்படி, எட்டுச் சொல்லில், நான்கு அடியில் வர வேண்டும். பலமுறை முயன்றேன். எனக்கு வரவில்லை.

அதை உங்களிடம் ஒப்படைக்கிறேன். வரும் ஆகஸ்டுக்குள் எழுதிக் கொடுங்கள். ஒவ்வொருவரும் ஒன்று எழுதினால், நம் ஒன்றியத்தின் பால்வாடிகளில் பிள்ளைகள் பாட ஒரு சிறு தொகுப்பு ஆகிவிடும். பதினோராம் ஆண்டில் நம் வட்டம் செய்யத்தக்க பணி அதுவே என்று கருதுகிறேன்.